முட்டி தேயாத கால்சட்டை

ரிம்மா சவேல்யெவ்னா மாஸ்கோவில் ஒரு தையல்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் விண்வெளி வீரர்களுக்குக் கால்சட்டை தைத்தாள். ராக்கெட்டில் கிளம்பும்போது மாட்டும் கவச உடை வேறு; இது மேலே போனபின் கலத்துக்குள் அன்றாடம் உடுத்துவது. எடையில்லாத இடத்தில் கால் தானாக மடங்கி மிதக்கும் என்பதால் முழங்காலை மடக்கியே வெட்டுவாள். தரையில் நிற்பவன் போட்டால் கோமாளிதான்.

மேலே துணி துவைக்க வழியில்லை. அழுக்கானதைக் குப்பையோடு சரக்குக் கலத்தில் திணித்துவிடுவார்கள். இறங்கும் வழியிலேயே அது எரிந்துபோகும். தான் தைத்ததில் ஒன்றைக்கூட அவள் மறுபடி கண்ணால் பார்த்ததில்லை. கணவன் போய்விட்டான், பிள்ளை இல்லை. இருந்ததெல்லாம் அந்தத் தையல்தான், அதற்கும் சாம்பல்கூட மிச்சமில்லை. ஓய்வு பெறுவதற்குள் உடுத்திப் பழசான ஒன்றையாவது பார்க்க வேண்டும். எங்கே தேய்ந்தது, எங்கே இழுத்தது என்று தடவிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"ஏண்டி, அழுக்குத் துணிக்கு ஏங்குறவள இப்பத்தான் பாக்குறேன்," என்பாள் பக்கத்து மெஷின் ஃபயீனா. "எங்க வீட்டுக்காரரோடது ஒரு மூட்டை கெடக்கு, அள்ளிட்டுப் போ!"

"உன் புருஷன் நாத்தம் உன்னோடவே இருக்கட்டும்."

கடைசியாக அவள் அளவெடுத்தது அர்சேனி இக்னாத்யெவிச்சுக்கு. இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஒரே ஒரு கால்சட்டை திருப்பிக் கொண்டுவந்து தருவீங்களா? நான் தச்சத ஒரு தடவ பாக்கணும்."

"இவ்வளவுதானா ரிம்மா சவேல்யெவ்னா? கண்டிப்பா."

போட்டுக் கழற்றியதுதான் வேண்டும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஒரு ஆண்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. விழுங்கிவிட்டாள்.

அவள் ஓய்வு பெறுகிற வாரத்தில் அவன் கேக்கும் கையுமாக வந்தான். தரைக்குத் திரும்பிச் சில நாளே ஆனதால் நடை இன்னும் தள்ளாடியது. இறங்கும் கலத்தில் இடம் குறைவு என்பதால், சொந்தச் சாமான் ஒன்றை மேலேயே விட்டுவிட்டு, அந்த இடத்தில் கால்சட்டையை வைத்துக் கொண்டுவந்தானாம். பெருமையோடு மேசைமேல் வைத்தான். அவள் மூடி ஒட்டி அனுப்பிய பொட்டலம், பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"உங்களுக்குன்னு எடுத்து வச்சேன். கசங்கக்கூடாதுன்னு தொடவே இல்ல. பழசையே ரெண்டு வாரம் கூடுதலா ஓட்டிட்டேன்."

"அந்தப் பழசு?"

"எரிஞ்சிருக்கும். வேறென்ன!" அவன் சிரித்தான்.

நல்ல மனசு. அதுதான் கொடுமை; கோபப்படக்கூட முடியவில்லை.

"ரொம்ப சந்தோஷம்ப்பா," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ரிம்மா அந்தக் கால்சட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, மண்டியிட்டுச் சமையலறைத் தரை முழுக்கத் தேய்த்தாள். வியர்த்துக் கொட்டியபின் ஜன்னலோரம் வந்து முட்டியைப் பார்த்தாள். ஒரு நூல்கூடப் பிசிறவில்லை. அத்தனை கெட்டியாகத் தைத்திருந்தாள், பாவி. வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.