மூன்று எலுமிச்சம்பழங்கள்

விழுப்புரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது சரோஜா அண்ணியின் போன் வந்தது. "சார், அவரு பூட்டாரு" என்றார். அவருடைய கணவர் இறந்துவிட்டார். எனக்கு உடனே அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏழுமலை அண்ணனிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இனி சொல்ல ஆள் இல்லை.

திண்டிவனத்துக்காரர்களுக்கு அவரை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரக்காணம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தாரே, அந்த ஏழுமலைதான். ஊரில் 'பிளேன் ஏழுமலை' என்றால் தெரியும். கேலியாகத்தான் அப்படிக் கூப்பிட்டோம். ஆனால் வெளியூர்க்காரன் கேலி செய்தால் சண்டைக்குப் போனோம்.

1993இல், எங்கோ மூடிப்போன ஒரு விமானப் பயிற்சி கிளப்பின் ஏலத்தில், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்றை அவர் வாங்கினார். செஞ்சி ரோட்டில் நிலக்கடலை போட்டுவந்த மல்லாட்டைக் கொல்லையை அதற்காக விற்றார். றெக்கை வேறு, உடம்பு வேறாகப் பிரித்து லாரியில் கொண்டுவந்து கடைக்குப் பின்னால் ஷெட் போட்டு நிறுத்தினார். "ஓட்டத் தெரியுமா அண்ணே?" என்று கேட்டேன். "சைக்கிள வாங்கிக்கினுதானே சார் சைக்கிள் கத்துக்கறோம்?" என்றார். எதற்கு இந்த ஆசை என்றும் கேட்டேன். "வித்த கொல்லைய மேல இருந்து ஒரு தபா பாக்கணும். வாங்கினவன் சுவரு கட்டிட்டான், கீழ இருந்து தெரியல" என்றார். விமானம் வாங்க விற்ற நிலத்தைப் பார்க்க விமானம் வேண்டுமாம். இந்தக் கணக்கை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

புது வண்டிக்குப் பூசை போட வேண்டுமே. விமானத்தை மேல்மலையனூர் கோயிலுக்கு எப்படிக் கொண்டுபோவது? முன்னால் சுற்றும் றெக்கையை மட்டும் கழற்றி, வேட்டியில் சுற்றி, ஒரு அமாவாசையன்று பஸ்ஸில் ஏறினார். கூட நானும் போனேன். அமாவாசைக் கூட்டத்தில் அதைப் பார்த்த கண்டக்டர், "இன்னாய்யா இது, ஃபேன் றெக்கையா?" என்றார். "ஏரோபிளேனு றெக்கைங்க" என்றார் அண்ணன். "ஏரோபிளேன் வெச்சிக்கினு பஸ்ல இன்னாத்துக்கு வர்ற?" பஸ்ஸே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அண்ணன்தான். அங்காளம்மன் சன்னிதியில் சந்தனம் வைத்த றெக்கையோடு மூன்று எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஆட்டோ மாதிரி மூன்று சக்கரம், அதனால் மூன்று பழம்.

பழங்களைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். நாலு பேர் சேர்ந்து தள்ளி நசுக்கிவிடலாம் என்றேன். ஒப்புக்கொள்ளவில்லை. "தள்ளி நசுக்கினா அது தள்ளுவண்டி சார். தானா நவுந்து நசுக்கணும். லைசென்ஸ் வரட்டும்" என்றார். மரக்காணம் உப்பளத்துப் பக்கம் காய்ந்த தரை கிடக்கிறது, ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றவர்களுக்கும் அதே பதில்தான். லைசென்ஸ் இல்லாமல் மொபெட்கூட ஓட்டாத மனிதர்.

அந்த லைசென்ஸ்தான் அவரை என்னிடம் மாணவராகக் கொண்டுவந்தது. பத்தாவதில் தோற்றவர்களுக்காகத் திண்டிவனத்தில் நான் அப்போது ஒரு டுட்டோரியல் நடத்திக்கொண்டிருந்தேன். பயிற்சிப் பள்ளியின் விண்ணப்பத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அவசியம் என்று போட்டிருந்தது. அவர் எட்டாவதோடு நின்றவர். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப நம்மளயும் சேத்துக்குங்க சார்" என்றார். நாற்பது வயதில் நோட்டு வாங்கி அட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு அவருக்கு மட்டும் வகுப்பு. இரண்டே வருஷத்தில் இங்கிலீஷ் தவிர எல்லாப் பாடத்திலும் தேறினார். இங்கிலீஷும் வந்துகொண்டுதான் இருந்தது. பாசிவ் வாய்ஸ் நடத்திய அன்று அவருக்கு ஒரே குஷி. "இது நல்லா கீது சார். யாரு பண்ணாங்கன்னே சொல்லாம தப்பிச்சிடலாம்" என்றார். அதற்குப் பிறகு வகுப்புக்கு நேரம் கழித்து வந்தால், "கடை லேட்டா பூட்டப்பட்டது சார்" என்பார். கல்யாணம் ஆகாத எனக்கு, அந்த நாளில் சிரிப்பென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி ஒரு நாள் டுட்டோரியலுக்கு வந்தார். "சார், பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு இருக்கோம். இவரு பாஸ் பண்ணாருன்னா மேல போயிடுவாரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றார். 'மேல போயிடுவாரு' என்று தன் வாயிலேயே வந்துவிட்டதைக் கேட்டு அவரே அழுதார். சரி என்றேன். அந்த மார்ச்சில், "இன்னும் தயாராகலை அண்ணே, இந்தத் தடவை வேண்டாம்" என்று அண்ணனிடம் சொன்னேன். "நீங்க சொன்னா சரி சார்" என்றார்.

அக்டோபரிலும் அதையே சொன்னேன். மறு மார்ச்சிலும் சொன்னேன். இப்படி ஆறு வருஷம்.

ஏழாவது வருஷம் நான் டைபாய்டில் படுத்துவிட்டேன். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அவரே ஃபாரம் பூர்த்தி செய்து, பணம் கட்டி, பரீட்சை எழுதினார். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். அவர் எடுத்தது எழுபத்தொன்று. ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து, "எல்லாம் நீங்க போட்ட அஸ்திவாரம் சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் போன பிறகு அந்த ஜிலேபியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

லைசென்ஸுக்கான மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னைக்கு நான்தான் கூடப் போனேன். கண்ணில் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், சர்க்கரை எத்தனை வருஷமாக என்று கேட்டார். அவருக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். "கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குங்க. நாலஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தா பாஸாகியிருப்பீங்க" என்றார். டுட்டோரியலில் சேர்ந்த புதிதில் தலைமுடி கனச் செப்புக் கம்பியைக் கண்ணாடி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர், மேல்மருவத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் சார் பாவம். எத்தினி வருஷம் பாடுபட்டீங்க!" அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அதன்பிறகு பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. நான் விழுப்புரத்துக்கு மாறி வந்துவிட்டேன். ஒவ்வொரு ஆயுதபூசைக்கும் அவர் தடவித் தடவிச் சக்கரத்தைக் கண்டுபிடித்துப் புதிதாக மூன்று பழம் வைப்பார், இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார், அணைத்துவிடுவார். விமானம் ஒரு அடி நகரவில்லை.

கருமாதிக்குப் போயிருந்தபோது அண்ணியிடம், "நாம தப்பு பண்ணிட்டோம் அண்ணி" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாமன்னு சொல்லாதீங்க சார். பொண்ணு கல்யாணம் ஆவட்டும்னுதான் நான் கேட்டேன். அடுத்த தையிலயே ஆயிடுச்சி. நீங்கதான் வந்து பந்தி பரிமாறினீங்க. அதுக்கப்புறம் இன்னாத்துக்கு சார் அவரப் புடிச்சி வெச்சிக்கினீங்க?"

எழுந்து ஷெட்டுக்குப் போனேன். போன ஆயுதபூசைக்கு வைத்த பழங்கள் காய்ந்து கருத்து, சக்கரத்துக்கு முன்னால் நசுங்காமல் இருந்தன. ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போது மேசைமேல் இருக்கிறது. அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அண்ணி கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். பாஸ் ஆகிவிட்டால் மறுநாளிலிருந்து அவர் வகுப்புக்கு வரமாட்டார். அதற்காகத்தான். அவரை அறிந்த நீங்கள் எல்லாரும், அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அது பாசிவ் வாய்ஸ். நான் மாற்றி எழுதுகிறேன் அண்ணே: உங்களை நான் பறக்க விடவில்லை.