இரண்டாவது பொட்டலம்

நடந்தவை, வரிசையாக:

1. தட்டம்மை ஊசி போட நர்சம்மா ஐஸ் பெட்டியோடு எங்கள் காலனிக்கு வந்தார். யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை.
2. கங்கம்மா கோயில் பூசாரியான என் நைனா, கோயில் வாசலிலேயே போடலாம், அம்மனைக் கேட்டுவிடுவோம் என்றார்.
3. பூ கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை வந்தது. அம்மன் சம்மதம்.
4. முதல் ஊசி எனக்கு. மற்றவர்கள் பத்து நாள் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.
5. எட்டாம் நாள் எனக்குக் காய்ச்சல்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒன்று விடுபட்டிருக்கிறது. எனக்கு மட்டுமே தெரிந்தது என்பதால் அதற்கு எண் கொடுக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிச்சாட்டூர் ஏரிக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் எங்கள் காலனி. அம்மை வந்தால் அம்மன் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். வாசலில் வேப்பிலை கட்டி, அவளாக இறங்கும்வரை காத்திருப்போம். வருகிறவளை ஊசி போட்டுத் தடுக்கலாமா என்பதுதான் எல்லோருடைய பயமும்.

அதனால்தான் பூ. ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலங்கள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் சிவப்பு அரளி. வயதுக்கு வராத பெண்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது நான். நைனா பிரித்துக் காட்டியதும் குலவைச் சத்தம் கேட்டது. நர்சம்மா எனக்காக மட்டும் ஒரு குப்பியைத் திறந்தார்.

மறுநாள் காலை, வழக்கம்போல் வாடிய பூக்களைப் பெருக்கி அள்ளப் போனேன். சூலத்தின் அடியில் நான் எடுக்காத பொட்டலம் கிடந்தது. பிரித்தேன். அதிலும் வெள்ளை.

அன்றிலிருந்து காலனியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அத்தை, “இன்னாடி, ஒடம்பு சுடுதா? நாக்க நீட்டு” என்று தினமும் தெருவைத் தாண்டாமலே விசாரிப்பார். என்னோடு பாண்டி ஆட வந்த தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

“பத்து நாள் போவட்டும். அப்பால ஆடிக்கினு இரு.”

நானே கட்டம் போட்டு நானே தாண்டினேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயித்தேன்.

எட்டாம் நாள் உடம்பு கொதித்தது. கழுத்தில் சிவந்து தடித்தது. அம்மா வேப்பிலை ஒடித்து வந்தாள்.

“கட்டாத,” என்றார் நைனா. “கட்டினா ஒரு கொயந்த கூட ஊசிக்கு வராது. ரெண்டு நாள் சுடும்னு நர்சம்மா சொல்லிக்கீறாங்க.”

“உனுக்கு ஊர்ப் பசங்க பெருசா, பெத்த பொண்ணு பெருசா?”

அவர் கோயிலுக்குப் போய்விட்டார். தெருவிலிருந்து எதிர்வீட்டு அத்தையின் குரல் வந்தது: “பூசாரி ஊட்லயே அம்மா வந்து குந்திக்கினாளா? எங்க பசங்கள உட்டுடு சாமி!”

எனக்குக் காரணம் தெரியும். ஏமாற்றியது நைனா, எடுத்தது என் கை. அம்மன் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னால் நைனா பொய்யராவார். சொல்லாவிட்டால் நான் செத்துப்போவேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, சொல்லாமல் இருந்தேன்.

பத்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. சொன்னபடி நர்சம்மாவும் ஐஸ் பெட்டியோடு திரும்பக் கோயிலுக்கு வந்திருந்தார். எதிர்வீட்டு அத்தை உள்ளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மகளை அழைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கோயிலுக்குப் போனார். பின்னாலேயே வரிசை நீண்டது. எனக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டதால் அதில் எனக்கு இடமில்லை. வீட்டு வாசலில் நின்று பார்த்தேன்.

நைனாவுக்கு அம்மன்மேல் நம்பிக்கையே இல்லை என்று அன்று முடிவு கட்டினேன். காய்ச்சல் இருந்த நாள்களில் அவர் ஒரு பருக்கை சோறும் தொடாமல் அம்மன் எதிரே உட்கார்ந்திருந்தார் என்று அம்மா சொன்னது பல வருடம் கழித்துத்தான். சிவப்பு வந்திருந்தால் அவர் அதை மீறியிருக்க மாட்டார். அது அவருக்குத் தெரியும். நம்பாதவருக்கு இரண்டாவது வெள்ளை தேவைப்பட்டிருக்காது.

இப்போதைய நிலை: மாதம் ஒருமுறை கோயில் வாசலில் ஊசி போடுகிறார்கள்; பூ கட்டிப் பார்ப்பதில்லை. நான் திருப்பதியில் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் வேலையில் இருக்கிறேன். நைனாதான் இன்னும் பூசாரி. அந்தப் பொட்டலம் எங்கே போனது என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.