அருமைநாயகி ஒலிவாங்கியை மூடிய ஞாயிறு

அருமைநாயகியிடம் போய் "நூறு வீதம் உண்மை" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அந்த ஆளின் கதை அன்றோடு முடிந்தது. மன்னாரிலிருந்து வந்து டென்மார்க்கின் இஷொய் நகரில் குடியேறியவள் அவள். கிழமை நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறு பின்னேரம் உள்ளூர் வானொலியில் தமிழுக்கென்று கிடைத்த ஒரு மணி நேரத்துக்குச் செய்தியாளர், அறிவிப்பாளர், பாட்டுப் போடுகிறவர் எல்லாம் அவள்தான்.

அவளை இப்படிச் சந்தேகப் பிராணியாக்கியது 2009 மே மாதம். இலங்கையில் போர் முடிகிற நாள்வரைக்கும் ஆளாளுக்கு அனுப்பிய அறிக்கைகளை வாசித்தவள் அவளல்லவா! சனத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள்; வாசித்தாள். வதந்திகளை நம்பாதீர்கள் என்றார்கள், அதையும் வாசித்தாள். வதந்தி என்று தள்ளியதெல்லாம் உண்மையாய்ப் போயிற்று. அவளுடைய தம்பி பீற்றர் அந்தப் போருக்குள்ளேதான் அகப்பட்டிருந்தான். பிறகு அவனிடமிருந்து அழைப்பே இல்லை. மகள் நிறோஷினி கேட்கும்போதெல்லாம், மாமா முகாமில் இருக்கிறார், வெளியில் விட்டதும் தொலைபேசி எடுப்பார் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

இலையுதிர் காலத்தில் பன்றிக் காய்ச்சல் என்ற புதுக் காய்ச்சல் டென்மார்க்கிலும் பரவியது. தடுப்பூசி வந்தது. கூடவே ஒரு கதையும் வந்தது. போர் முடிந்து முகாம்களில் அடைபட்ட எங்கள் சனத்துக்குப் போட்டுப் பார்த்த ஊசிதானாம் இது! பக்கத்து ஊரான புரொண்பியில் யாரோ தொடக்கிவிட்ட கதை தூரத்து ஸ்கீவ நகர் வரைக்கும் போய்விட்டது. நிறோஷினிக்கு ஆஸ்துமா, வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. வைத்தியர் ஊசி போடச் சொன்னார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். தாய்க்கோ ஊசியை நினைத்தாலும் பயம், காய்ச்சலை நினைத்தாலும் பயம்.

அந்த நேரத்தில்தான் கோணேஸ்வரன் அழைத்தார். மட்டக்களப்பு ஆள், கொப்பன்ஹேகனில் வைரசுகளை ஆராய்கிறவர். வானொலியில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். கேட்காமலே வருகிறவருக்கு இதில் என்ன லாபம் என்றுதான் அருமைநாயகி முதலில் யோசித்தாள். சரி, வரட்டும், வாயைக் கிண்டிப் பார்ப்போம் என்று விட்டாள்.

வந்தவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அன்பான நேயர்களே, வீண் பயம் வேண்டாம், வதந்திகளை நம்பாதீர்கள் என்று தொடங்கினார். மே மாத அறிக்கைகளின் அதே குரல்! அருமைநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒலிவாங்கியை மூடிவிட்டு ஒரு பாட்டைத் தட்டிவிட்டாள்.

"மே மாசமும் இப்பிடித்தான் எல்லாரும் எழுதித் தந்தவை," என்றாள். "தாளை வையுங்கோ. நான் கேக்கிறன், நீங்கள் சொல்லுங்கோ. ஏலாட்டிப் போங்கோ."

மனுசனுக்கு முகம் கறுத்துப்போயிற்று. ஆனாலும் தாளை மடித்து வைத்தார்.

பாட்டு முடிந்ததும் எடுத்த எடுப்பிலேயே, உங்கள் ஆய்வுகூடத்துக்கு ஊசிக் கொம்பனி காசு கொடுக்கிறதா என்று கேட்டாள். ஓம், வேறோர் ஆய்வுக்குக் கொடுக்கிறது என்றார். முகாம் கதையைக் கேட்டாள். ஊசியைப் பரிசோதித்த ஆஸ்பத்திரிகளின் பெயர்கள் வெளிவந்திருக்கின்றன, எல்லாம் ஐரோப்பாவில், இரண்டைத் தானே அழைத்து விசாரித்ததாகவும் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்றும் சொன்னார். ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிக்குக் காய்ச்சல்தான் பெரிய ஆபத்து, தான் அதற்குத்தான் பயப்படுவதாகச் சொன்னார்.

"அப்ப ஊசியால ஒண்டும் வராதோ?"

கோணேஸ்வரன் ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தார். "எங்கையாவது ஒருத்தருக்கு ஏதும் வந்து, பிறகு தெரியவரலாம். இண்டைக்கு எனக்கு அது தெரியாது. முகாமுக்குள்ள என்ன நடக்குது எண்டதும் எனக்குத் தெரியாது, அக்கா."

மே மாதத்துக்குப் பிறகு அருமைநாயகியின் காதில் விழுந்த முதல் 'தெரியாது' அதுதான். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

நேயர் அழைப்பு வந்தது. எடுத்தால், நிறோஷினி! வீட்டில் எதைக் கேட்டாலும் டெனிஷ் மொழியில் பதில் சொல்லுகிறவள், வானொலியில் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டாள்.

"அம்மா, இவர் சொல்லுறதை நீங்கள் நம்புறீங்களோ?"

"தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுறார், பிள்ளை. அதால மற்றதை நம்புறன். ஊசிக்கு நானும் உன்னோட வாறன்."

"சரி, போடுறன்." மகள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. "அப்ப மாமா எங்கை?"

ஒலிவாங்கி திறந்தே இருந்தது. அருமைநாயகி அதை மூடக் கையைக் கொண்டுபோனாள், பிறகு மூடாமலே கையை எடுத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றாள்.