பன்னிரண்டாம் கட்டிலின் நாடி

மில்லர்புரத்துப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் வேல்விழிக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஆமை’. நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தால் முழுசாக ஒரு நிமிஷம் விடமாட்டாள். மற்றவர்கள் பதினைந்து வினாடி எண்ணி, நாலால் பெருக்கி எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவள் அப்போதுதான் மூன்றாவது கட்டிலில் நிற்பாள். இந்த ஆமை ஆறு வருஷத்துக்கு முன்னால் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் ஒருத்தியையும் முன்னே விடாதவள் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். அவளாகச் சொன்னதில்லை.

அவள் ஊர் தாமிரபரணிக் கரையில், ஏரல் பக்கம். நெல்லும் வாழையும் போடுகிற அப்பா செந்தூர்வேலுக்கு மகள் நர்ஸாக வேண்டும். மகளுக்கோ ஓடவும் வேண்டும். நர்சிங் கல்லூரியில் விளையாட்டு என்பது வருஷத்துக்கு ஒருநாள் கயிறு இழுப்பதோடு முடிந்துபோகிற சமாச்சாரம். இவளுக்காக மட்டும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஓடிக்கொள்ளலாம். ஆனால் வார்டு வேலையில் ஒருநாள் குறைந்தாலும் ஓட்டம் அன்றோடு சரி.

“ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தன நாளைக்குளா ஓடுவ?” என்று டியூட்டர் ஜெபசுதா கேட்டார்.

“பாத்துக்கிடுதேன் மேடம்.”

மூன்றாம் வருஷம் வரை பார்த்துக்கொள்ளவும் செய்தாள். நாலே முக்காலுக்கு விழித்ததும், படுத்தபடியே தன் நாடியைத் தானே ஒரு முழு நிமிஷம் எண்ணி நோட்டில் எழுதுவாள். அது கோச் சொல்லிக்கொடுத்த பழக்கம். ஐம்பத்திரண்டு என்றால் உடம்பு தயார், அறுபதைத் தொட்டால் அன்று மெதுவாக ஓட வேண்டும். ஒருநாள்கூட அதைக் குத்துமதிப்பாக எழுதியதில்லை. பிறகு மைதானம், ஏழு மணிக்குப் பெண்கள் வார்டு, மதியம் வகுப்பு. வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தாள், பாவம்.

அந்த வார்டில் பன்னிரண்டாம் கட்டில் முத்துக்கனியுடையது. முத்தையாபுரத்து உப்பளத்தில் முப்பது வருஷம் உப்பு வாரியவள். குடல்வால் வெடித்து ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் உள்ளங்கை வெடித்துச் சொரசொரவென்று இருக்கும். வேல்விழி நாடி பார்க்கக் கையை எடுத்தால் பதிலுக்கு அவளும் இவள் விரலைப் பிடித்துக்கொள்வாள்.

“ஏளா ஓட்டக்காரி, நாளைக்கு உனக்குப் போட்டியாமே. எனக்கும் சேத்து ஓடிட்டு வா. என் காலு உப்புலயே வெந்து போச்சு.”

“செயிச்சுட்டு வந்து ஒங்ககிட்டதான் மொதல்ல காட்டுவேன்,” என்றாள் இவள்.

மறுநாள் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம், எட்டு மணிக்கு. பன்னிரண்டு பேருக்கும் காய்ச்சலும் நாடியும் மூச்சும் பார்த்து எழுதிவிட்டால் போகலாம் என்று ஜெபசுதா இரக்கப்பட்டிருந்தார். முதல் நாலு கட்டிலை ஒழுங்காகப் பார்த்தாள். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தாள். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அவளுக்குப் புத்தி இருந்தது, நேரம்தான் இல்லை. பன்னிரண்டுக்கு வந்தபோது ஏழு நாற்பது. முத்துக்கனி போர்வையை இழுத்து மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று வேல்விழி தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாடி எழுபத்தாறு. மூச்சு இருபது. காய்ச்சல் இல்லை. நின்றபடியே கட்டில் சீட்டில் எழுதிவிட்டு ஓடினாள்.

செயித்தாள். அதுதான் கொடுமை. அதுவரை ஓடியதிலேயே நல்ல ஓட்டம் அது.

பத்தரைக்கு, வேர்வை காயாத முகத்தோடு வார்டுக்கு வந்தாள். பன்னிரண்டாம் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். தையல் உள்ளே சீழ் பிடித்து ரத்தம் முழுக்கப் பரவியிருந்தது. சீட்டில் எல்லாம் சரியாக இருந்ததால் ஒன்பதரை வரை அந்தக் கட்டில் பக்கம் யாரும் போகவில்லை. போனபோது நினைவு தப்பியிருந்தது. ஐ.சி.யூவில் வைத்துப் பார்த்தார்கள். சாயங்காலம் உயிர் போய்விட்டது. “ஏழு நாற்பதுக்குக்கூட நார்மல், திடீர்னு ஆயிட்டு,” என்று டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்து மகள் பகவதியிடம் சொன்னதை வேல்விழி கதவோரம் நின்று கேட்டாள்.

அடுத்த நாளே ஜெபசுதாவிடம் அழுதுகொண்டே சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

“எண்ணாமலே மூச்சு இருபதுன்னு எழுதாத நர்ஸ் எவ இருக்கா? நீ பாத்திருந்தாலும் பொழச்சிருப்பாளான்னு யாருக்குத் தெரியும்? வாயத் தொறந்தா உன் படிப்பும் போயிரும், என் வேலையும் போயிரும். போ, போய்ப் படி.”

படித்தாள். ஓடவும் ஓடினாள். சோறு மட்டும் இறங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இறப்புச் சான்றிதழுக்காக வந்த பகவதி வார்டுக்கு வந்து அவளைத் தேடினாள். முப்பது வயதிருக்கும், தாயின் முகவெட்டு. வேல்விழியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“அம்மா உன்னப் பத்தியேதான் பேசுவா. அன்னைக்குப் பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பணும்னு விடியவே நான் வீட்டுக்குப் போயிட்டேன். பாவி, இருந்திருக்கலாம். நெனவோட இருந்தப்போ கடைசியா அவ கையப் புடிச்சது நீதானளா. கை எப்படி இருந்துச்சு? சூடா இருந்துச்சா? ஏதும் சொன்னாளா?”

சூடாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வேல்விழிக்கும் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இன்னொரு தடவை பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

“நான் தொடவே இல்லக்கா. போட்டிக்கு நேரமாயிட்டுன்னு... பாக்காமலே எழுதிட்டுப் போயிட்டேன்.”

பகவதி கத்தவில்லை. அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்று வேல்விழிக்கு இன்றைக்கும் தோன்றும். பிடித்திருந்த கையை விட்டாள்.

“அந்த நேரத்துல உன் கை அவ மேல இருந்துச்சுன்னுதான் இத்தன நாளும் தூங்குனேன். அத எதுக்குளா புடுங்குன?”

சான்றிதழ் இருந்த பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புகார் கொடுக்கவும் அவள் வரவில்லை, வேறு எதற்கும் வரவில்லை.