அத்தான் பேசிய பேச்சு

அந்த நாளில் நாஞ்சில் நாட்டில் எங்கள் குடும்பங்களில் மருமக்கள் வழி நடந்தது. ஒருவர் கண்ணை மூடினால் வீடும் வயலும் அவருடைய சகோதரி மகனுக்கு. பெற்ற பிள்ளைகள் தாயோடு வீட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். இதை நியாயம் என்று சொல்ல ஊரில் பெரிய மனிதர்கள் நிறைய இருந்தார்கள். எல்லாரும் மாமன் சொத்தில் சாப்பிட்டவர்கள்.

என் அத்தை அப்படி இறங்கி வந்தவள். கணவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் அப்பாவுக்குப் பிறகு அந்த மகன்தான் எங்கள் வீட்டுக்கு உடையவன். அவன் ஏறும்போது நான் இறங்க வேண்டும். அதெல்லாம் பெரியவர்கள் பாடு. எனக்கு அவன் அத்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன், ஒரே விளக்கில் படித்தவன். திருவனந்தபுரம் போய் பி.ஏ. படித்து வக்கீலாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

பள்ளிக்கூடத்து இலக்கிய விழாவில் செய்யுள் ஒப்பித்தல், கட்டுரை வாசித்தல் எல்லாம் முடிந்து கடைசியில் தர்க்கம். மருமக்கள் வழி நல்லதா கெட்டதா என்று தலைப்பு. தமிழ் வாத்தியார் திருநெல்வேலிக்காரர். எங்கள் வீட்டு விவரம் தெரியாமல் சீட்டுக் குலுக்கினார். நல்லது என்று பேச எனக்கு விழுந்தது, கெட்டது என்று பேச அத்தானுக்கு. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு இறங்கினேன். அத்தான் முதலில் எல்லாரும் சொல்லும் நியாயங்களைத்தான் சொன்னான். அதோடு நிறுத்தியிருக்கலாம், பாவி. பேச்சு அவனை இழுத்துக்கொண்டு போயிற்று.

“என் தகப்பனாரின் காரியம் முடிந்ததும் என் தாய் அந்த வீட்டில் பிறத்தியாள் ஆனாள். நாளை என் மாமாவின் காரியம் முடிந்ததும் அவர் மகன் அதேபோல் இறங்குவான். நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?”

கைதட்டல் எழுந்து பாதியில் அடங்கியது. மாமனின் சாவைப் பற்றி மருமகன் வாய் திறக்கவே கூடாது எங்கள் பக்கத்தில். சொத்துக்குக் காத்திருக்கிறான் என்றுதான் அதற்கு அர்த்தம். எனக்காகப் பேசிய வேகத்தில் அவன் அதை மறந்துபோனான். அப்பா மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

வீட்டில் சத்தம் போடவில்லை.

“ஏலே, நீ இனி பள்ளிக்கூடம் போகாண்டாம். எனக்க காரியம் முடியும்வரை வயலைப் பாரு” என்றார் அத்தானிடம்.

அத்தை காலில் விழுந்தாள். “அத்தான் எனக்காகத்தாம்ப்பா பேசினான்” என்று நான் அழுதேன்.

“அப்பம் ரெண்டுபேருமாச் சேந்துதான் நான் சாவதுக்குக் காத்துக் கெடக்கியளா?” என்று கேட்டார்.

சில வருஷங்களில் சட்டம் மாறியது. பிள்ளைகளுக்கும் பங்கு வந்தது. அதற்குள் நான் காலேஜே முடித்துவிட்டேன். அப்பா தளர்ந்துபோயிருந்தார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “அவன் அன்னைக்குச் சொன்னது சரிதாம்லே. வேணும்னா போயிப் படிக்கட்டும்னு சொல்லு” என்றார். இதை அவனிடமே சொல்ல வாய் வரவில்லை அவருக்கு. எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. முழங்கால் சேற்றில் நின்ற அத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கையிலிருந்த நாற்றுமுடியை அவிழ்க்காமல் நிமிர்ந்தான்.

“எந்த வகுப்பில இருக்கச் சொல்லுகாவ மக்கா? நான் விட்ட வகுப்பிலயா?”

மீசை அடர்ந்த அந்த முகத்தில் கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வரப்பில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “நாத்து வாடுது, கொஞ்சம் தள்ளி இருலே” என்றான்.