இரண்டும் ஒன்றுபோல இருந்த கால்கள்

என் அக்கா புருஷனுக்கு லாயத்தில் "தர்மாமீட்டர்" என்று பெயர். குதிரையின் முன்னங்காலைப் புறங்கையால் தடவியே சூடு ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அவர் தலையசைக்காமல் எந்தக் குதிரைக்கும் சேணம் ஏறாது. அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தவர்தான். நான் அங்கே லாடம் அடிக்கிறவன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனாலும் அத்தானின் வேலையில் நான் குறை சொன்னதில்லை.

குதிரைக்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே சதையே கிடையாது. எலும்புக்குப் பின்னால், தோலுக்கு அடியில், கயிறு போலத் தசைநாண் இறங்கும். பாய்ந்து இறங்கும்போது அத்தனை பாரமும் அதன் மேல்தான். இழைகள் அறுந்தால் ஆறும், ஆனால் வடுவாகத்தான் ஆறும். வடு பழையபடி இழுபட்டுக் கொடுக்காது.

சாம்பல் நிறப் பெண்குதிரைக்கு வலது முன்னங்காலில் அப்படித்தான் அறுந்தது. ஐஸ் வைத்தார்கள், கட்டுப் போட்டார்கள், மாதக்கணக்கில் கையில் பிடித்து நடத்தினார்கள். தினமும் காலையில் அத்தான் இரண்டு கால்களையும் மாறி மாறித் தடவுவார். இடது கால்தான் அவருக்கு அளவு. அதைவிட வலது சூடாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் குதிரையின் போக்கே எனக்குப் பிடிபடவில்லை. தீவன வாளிச் சத்தம் கேட்டால் மற்றவை கனைக்கும், கதவை உதைக்கும். இது சுவரைப் பார்த்தபடி நிற்கும். அத்தான் கை காலில் படும்போது மட்டும் காதுகள் மெல்லப் பின்னால் திரும்பும். வலித்தாலும் குதிரை கத்தாது என்று தெரியும். இருந்தாலும் பட்டப்பகலில்கூட அதன் கொட்டடிக்குள் தனியாகப் போக எனக்குப் பயம். சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் வலது காலை ஸ்கேன் செய்து, ஆறிவிட்டது என்றார். கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிப் பழக்கினார்கள். பிறகு முழு வேகத்தில் முதல் ஓட்டம். ஓட்டப்போவது அத்தானின் ஒரே மகள்.

"ஓட்டலாமாப்பா?"

அத்தான் குனிந்து தடவினார். "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும்மா. வித்தியாசமே இல்ல. ஏறு."

கல் பாவிய முற்றத்தில் குதிரை நடந்துபோனது. நொண்டவில்லை, தலையும் ஆடவில்லை. ஆனால் நான் அடித்த லாடத்தின் சத்தம் எனக்குத் தெரியாதா? அன்று அது காதில் விழவேயில்லை. முன்னங்கால் இரண்டையும் தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போவதுபோல வைத்து வைத்துப் போனது.

"அத்தான், நடையே சரியில்ல."

"நொட்டை சொல்றதே உன் வேலை. நொண்டுதா, சொல்லு!"

"நொண்டல. அதான் பயமா இருக்கு. ரெண்டு காலும் ஒரே மாதிரி வலிச்சா எப்படி நொண்டும்?"

அத்தான் சட்டென்று குனிந்தார். பக்கத்தில் நின்ற வேறொரு குதிரையின் காலில் புறங்கையை வைத்தார்.

"இது சில்லுனு இருக்குடா. அப்போ அது ரெண்டுமே..."

வலதின் பாரத்தையும் சேர்த்துச் சுமந்து இடது உள்ளுக்குள்ளே நைந்திருக்கிறது. பழக்கிய ஓட்டத்தில் வலதும் மறுபடி கொதித்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து சுட்டதால் அவர் கைக்கு எதுவுமே சூடாகப் படவில்லை.

இருவரும் கத்திக்கொண்டே ஓடினோம். அதற்குள் அவள் ஓட்டப் பாதையில் கடிவாளத்தைத் தளர்த்திப் பாயவிட்டாள். வளைவில் குதிரையின் இடது கணுக்கால் தரை தொட இறங்கியது. மகள் அதன் தலைக்கு மேலாகப் பறந்து வேலியோரம் விழுந்தாள். குதிரை கனைக்கக்கூட இல்லை.

"அப்பா," என்றாள். வலது கை கோணலாகத் தொங்கியது.

அத்தான் அவளைத் தாண்டிப் போனார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. குதிரையின் முன்னால் மண்டியிட்டு வலது காலைத் தடவினார், பிறகு இடதை, மறுபடி வலதை.

"இப்ப வித்தியாசம் தெரியுதும்மா," என்றார், ஏறச் சொன்ன அதே குரலில்.

மகள் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளும் சத்தம் போடவில்லை.