பைலட் வைக்காத விமானம்

போன வருடம் கோடை தொடங்கிய நேரம். திண்டுக்கல் பேகம்பூரில் என் கணவர் மாரடைப்பில் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்கும் காலம் அது. அன்று மதியம் அவருடைய போனில் ஒரு மெசேஜ். உங்கள் பார்சல் இன்று வருகிறது என்று.

என்ன பார்சல் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது. தோல் மண்டியில் வேலை பார்த்த மனுஷனுக்கு ஒரே பைத்தியம், பழைய காலத்துச் சண்டை விமானங்களைப் பிளாஸ்டிக்கில் ஒட்டிச் செய்வதுதான். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டதும், என் நகவெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பாகங்களை அதில்தான் நறுக்குவார். எனக்குப் பசை வாடை ஆகாது. “அங்கிட்டுப் போயி ஒட்டுங்க மச்சான்” என்று விரட்டுவேன்.

கூரியர்காரர் வாசலில் நின்று, “சார் இருக்காரா?” என்றார். மாமியார் கதவை லேசாகத் திறந்து, “எம்புள்ள மவுத்தாயிட்டான் அப்பு” என்றார். “வேணாம்னா ரிட்டன் போட்டுர்றேம்மா” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. எனக்குப் பதறிவிட்டது. திரைக்குப் பின்னால் நின்றே ஓடிபியை வாசித்தேன்.

மாமிக்கு அது பிடிக்கவில்லை. “செய்யிறவனே போயிட்டான், இது எதுக்கும்மா?” என்றார். என் கணவர் ஆசையாக வாங்கியது பிரிக்காமல் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிரித்தேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. படத்தைப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். அவர் வைத்திருந்த பசையைத் திறந்ததும் அறை முழுக்க அவர் வந்துவிட்டது போல இருந்தது. மூடவே மனம் வரவில்லை. காயும்வரை இறக்கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. நான் கேட்காமலேயே மாமி ஓதிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிடித்துக்கொண்டார்.

கடைசியில் விரல்நகம் அளவுக்கு ஒரு பைலட் பொம்மை மிஞ்சியது. “இவன எங்க உக்கார வைக்கணும்?” என்றார் மாமி. என் கணவர் எந்த விமானத்திலும் பைலட்டை வைத்ததில்லை. கேட்டால், “சீட்டு காலியா இருக்கட்டும்டி. பாக்கும்போதெல்லாம் நானே ஏறி உக்காந்துக்குவேன்ல” என்று சிரிப்பார். அதை மாமியிடம் சொன்னேன். மகனின் உடலை ஜனாஸாவில் வைத்துத் தூக்கியபோதுகூட வாய்விட்டு அழாதவர், இறக்கையை விடாமல் பிடித்தபடியே கதறிவிட்டார். நானும்தான்.

பைலட்டை வைக்காமலே கண்ணாடி மூடியை ஒட்டினேன். இறக்கை கொஞ்சம் கோணல். முடித்துவிட்டால் மனம் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. இத்தா முடிந்து இப்போது கடைக்குப் போகிறேன், நாலு பேரோடு பேசுகிறேன். ஆனால் விமானங்களை அடுக்கிவைத்திருக்கும் அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் கால் நின்றுவிடுகிறது. அவர் செய்த விமானங்கள் எல்லாவற்றிலும் அவர் ஏறி உட்கார்ந்திருக்கிறார், அவர் பார்க்காமலே போன, நான் செய்த இந்த ஒன்றில் மட்டும் சீட்டு கடைசிவரை காலியாகத்தான் இருக்கும்.